சேலத்தில் தொடங்கிய சட்டம்

அன்றைய சேலம் மாவட்டத்துத் தொரப்பள்ளியில் 1878 ஆம் ஆண்டு பிறந்தவர் சக்கரவர்த்தி இராசகோபாலாச்சாரியார். இராஜாஜி என்று மக்களால் அழைக்கப்பெற்ற அவர், சேலத்தில் புகழ்பெற்ற வழக்குரைஞராக விளங்கினார். 1917 முதல் 1919 வரை அந்நகராட்சியின் தலைவராகவும் பணியாற்றினார். ஒத்துழையாமை இயக்கம் தொடங்கியபோது, வருவாய் மிகுந்த தம் தொழிலைத் துறந்தார்.

1925 இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். வறட்சியால் வாடிய சிற்றூர் மக்களுக்கு நூல் நூற்கும் பணி தந்தார். உழைத்துப் பெற்ற கூலி உலைக்குச் செல்லாமல் கள்ளுக்கடைக்குச் செல்வதை அங்கு நேரில் கண்டார். அக்கொடுமையை மக்களுக்கு உணர்த்த 1929 இல் ‘விமோசனம்’ என்னும் இதழைத் தொடங்கினார். எழுத்தாளர் கல்கி அவருக்குத் துணைநின்றார்.

1937 இல் சென்னை மாகாணத்தின் முதல்வரானதும், நெடுநாள் எண்ணத்தைச் சட்டமாக்கினார். ஆனால், மது வரியே அன்றைய அரசின் முதன்மையான வருவாய்களுள் ஒன்று. மாகாணம் முழுவதும் ஒரே நாளில் அதனை இழந்தால் நிருவாகம் தளர்ந்துவிடும். எனவே, தாம் நன்கறிந்த சேலம் மாவட்டத்தையே முதற்களமாகத் தேர்ந்தார். 1937 அக்டோபர் முதல் நாள், இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருட்டினகிரிப் பகுதிகளையும் உள்ளடக்கிய அம்மாவட்டத்தில் மதுக்கடைகள் மூடப்பட்டன. அங்குப் பெற்ற பட்டறிவைக் கொண்டு சித்தூர், கடப்பை, வட ஆர்க்காடு மாவட்டங்களுக்கும் மதுவிலக்கு படிப்படியாக விரிவுபடுத்தப்பட்டது. இழந்த வருவாயை ஈடுசெய்ய, 1939 இல் இந்தியாவிலேயே முதன்முறையாகப் பொது விற்பனை வரி விதிக்கப்பட்டது.

அதே அமைச்சரவை 1938 இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது, தமிழகம் கொந்தளித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை புகுந்தனர். 1940 இல் அவ்வாணை விலக்கிக்கொள்ளப்பட்டது. மதுவிலக்குக்கு முன்னர் மக்களிடையே பல்லாண்டுப் பணி நிகழ்ந்திருந்தது. இந்தி ஆணையோ மக்களின் ஏற்பைப் பெறவில்லை.

மதுவிலக்கும் தடையின்றித் தொடரவில்லை. உலகப்போர்க் காலத்தில் நிறுத்தப்பட்டு, 1948 இல் மாகாணம் முழுவதும் நடைமுறைக்கு வந்தது. 1971 இல் அது தளர்த்தப்படவிருந்தபோது, தொண்ணூறு வயதைக் கடந்திருந்த இராஜாஜி முதலமைச்சரை நேரில் சந்தித்து, அம்முடிவைக் கைவிடுமாறு வேண்டினார். வேண்டுகோள் நிறைவேறவில்லை. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார்.

நாட்டின் தலைமை ஆளுநர் பதவியும் பாரதரத்னா விருதும் அவரைத் தேடி வந்தன. எனினும், ஒரு கொள்கை சிற்றூரில் கருவாகிச் சட்டமாக உருப்பெற்று, ஒரு மாவட்டத்தில் சோதிக்கப்பட்டு, மக்களின் ஏற்பினால் நிலைபெற வேண்டும் என்னும் பாடத்தை அவர்தம் வெற்றியும் தோல்வியும் ஒருங்கே உணர்த்துகின்றன.