ஏ. வி. மெய்யப்பன்

ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் (ஜூலை 28, 1907 - ஆகஸ்ட் 12, 1979) தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளரும் இயக்குநரும் ஆவார். ஏவிஎம் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர். படத்துறைக்கு வருமுன் இவர் இசைத்தட்டு வணிகராகவும் வெளியீட்டாளராகவும் விளங்கினார். பிற்காலப் புகழில் இச்செய்தி பெரிதும் மறைந்துவிட்டது எனினும், இவரது திரைப்பணியின் பல தனித்தன்மைகளுக்கு வேர் அத்தொழிலிலேயே உள்ளது.

இளமை

காரைக்குடியில் நகரத்தார் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் ஆவிச்சி செட்டியார் அவ்வூரில் ஏ. வி. அண்டு சன்ஸ் என்னும் கடையை நடத்தி வந்தார். கிராமபோன் இசைத்தட்டுகளும் அங்கு விற்கப்பட்டன. இளம் வயதிலேயே கடைப் பொறுப்பை ஏற்ற மெய்யப்பன், பிறர் வெளியிட்ட தட்டுகளை வாங்கி விற்பதைவிடத் தாமே பாடல்களைப் பதிவு செய்து வெளியிடுவது மேல் எனக் கருதினார்.

சரஸ்வதி ஸ்டோர்ஸ்

1930களின் தொடக்கத்தில் கே. எஸ். நாராயண ஐயங்கார், சுப்பையா செட்டியார் முதலிய நண்பர்களுடன் சேர்ந்து சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். ஜெர்மானிய நிறுவனமான ஓடியனின் இசைத்தட்டுகளைத் தென்னிந்தியாவில் விற்கும் உரிமை இந்நிறுவனத்திற்குக் கிடைத்தது.

அக்காலத் தட்டுகள் அரக்குக் கலவையால் ஆனவை. நிமிடத்திற்கு 78 முறை சுழல்பவை. ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட இசையே அடங்கும். மணிக்கணக்கில் நீளும் நாடகத்தையோ கச்சேரியையோ இந்த அளவுக்குள் சுருக்க வேண்டும். எந்தக் குரல் விற்கும், எந்தப் பாட்டு மக்கள் வாயில் நிற்கும் என்பதையும் முன்கூட்டியே கணிக்க வேண்டும். இப்பயிற்சியே பின்னாளில் இவருக்குக் கைகொடுத்தது எனலாம். சரஸ்வதி ஸ்டோர்ஸ் தனக்கென ஓர் இசைக்குழுவையும் வைத்திருந்தது. ஏவிஎம் படங்களுக்கு நெடுங்காலம் இசையமைத்த ஆர். சுதர்சனம் இக்குழுவுடன் தொடர்புடையவர். 1939இல் இரண்டாம் உலகப்போர் மூண்டதோடு ஓடியனின் இந்தியப் பதிவுகள் நின்றுபோயின.

திரைப்படத்தில் குரல்

பேசும்படம் வந்தபின் தட்டு விற்பனை படப்பாடல்களையே நம்பியிருக்கும் நிலை உருவாகத் தொடங்கியது. மெய்யப்பனும் படத்தொழிலில் இறங்கினார். முதல் முயற்சிகளான அல்லி அர்ஜுனா, ரத்னாவளி (இரண்டும் 1935) தோல்வியடைந்தன. நந்தகுமார் (1938) படத்தில், திரையில் தோன்றிய நடிகைக்காக லலிதா வெங்கட்ராமன் பாடினார். தமிழில் பின்னணிப் பாடலின் தொடக்கமாக இது கருதப்படுகிறது. 1943இல் கன்னடத்தில் எடுத்த ஹரிச்சந்திரா மறு ஆண்டு தமிழ்க் குரல்களுடன் வெளிவந்தது. ஸ்ரீவள்ளி (1945) படத்தில் நாயகி ருக்மிணியின் பாட்டு நிறைவளிக்காததால், அதை நீக்கிப் பி. ஏ. பெரியநாயகியின் குரலைச் சேர்த்தார். முகம் வேறு, குரல் வேறு என்று பிரித்துப் பார்ப்பது, முகமே காணாத குரலை விற்றுவந்த ஒருவருக்கு இயல்பாகவே வந்திருக்க வேண்டும்.

1945 அக்டோபரில் ஏவிஎம் தொடங்கப்பட்டது. சென்னையில் புதிய படப்பிடிப்புத் தளத்திற்கு மின்சாரம் பெறுவது கடினமாக இருந்ததால், காரைக்குடியை அடுத்த தேவகோட்டை ரஸ்தாவில் ஓலைக் கொட்டகைகள் அமைத்துப் படமெடுத்தார். அங்கு உருவான நாம் இருவர் 1947 ஜனவரியில் வெளியானது. பாரதியாரின் தேசியப் பாடல்களை டி. கே. பட்டம்மாள் பாட, குமாரி கமலா ஆடினார். விடுதலை வந்துவிட்டதாகவே களித்துப் பாடும் பாடல், ஆகஸ்ட் 15க்கு ஏழு மாதங்கள் முன்பே திரையரங்குகளில் ஒலித்தது.

பாரதி பாடல் உரிமை

அப்பாடல்களை இசைத்தட்டில் பதியும் உரிமை மெய்யப்பனிடமே இருந்தது. 1921இல் பாரதியார் மறைந்தபின், அவரது நூல்களின் பதிப்புரிமை ஒரு வழியிலும் இசைத்தட்டு உரிமை வேறு வழியிலும் சென்றன. பிந்தையதைச் சுராஜ்மல் நிறுவனத்தார் பெற்றிருந்தனர். அவர்களிடமிருந்து மெய்யப்பன் விலைகொடுத்து வாங்கினார். வணிக முறைப்படி இதில் குற்றமில்லை. ஆயினும் நாட்டுக்காகப் பாடியவனின் பாட்டைப் பாட ஒரு தனியாரின் இசைவு வேண்டும் என்ற நிலை பலருக்கு உறுத்தலாக இருந்தது.

டி. கே. எஸ். சகோதரர்கள் தங்கள் பில்ஹணன் (1948) படத்தில் பாரதி பாடல் ஒன்றைப் பயன்படுத்தியபோது, மெய்யப்பன் தம் உரிமையை வலியுறுத்தினார். டி. கே. சண்முகம் பணிய மறுத்தார். பாரதியைப் பொதுவுடைமையாக்க வேண்டும் என்ற கோரிக்கை இதனால் வலுப்பெற்றது. நாரண. துரைக்கண்ணன் முதலிய எழுத்தாளர்கள் அதற்காகப் பாடுபட்டனர். 1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் தலைமையிலான சென்னை மாகாண அரசு, பாரதி படைப்புகளின் உரிமையைக் கையகப்படுத்த முன்வந்தது. மெய்யப்பன் தம்மிடமிருந்த உரிமையை எவ்விதத் தொகையும் பெறாமல் அரசுக்கு விட்டுக்கொடுத்தார். 1955இல் அப்படைப்புகள் மக்களின் பொதுச்சொத்தாயின. வழக்காடும் நிலையில் நின்றவரே இறுதியில் இலவசமாக அளித்தார் என்பதால், இவரை வெறும் தடையாளராகவோ வெறும் வள்ளலாகவோ காண்பது பொருந்தாது.

பிற்காலம்

நிறுவனம் சென்னை வடபழனியில் நிலைபெற்றபின் வைஜெயந்திமாலா அறிமுகமான வாழ்க்கை (1949), சிவாஜி கணேசனின் முதல் படமான பராசக்தி (1952), கமல்ஹாசன் குழந்தை நட்சத்திரமாகத் தோன்றிய களத்தூர் கண்ணம்மா (1960) முதலிய படங்கள் வந்தன. இந்தியிலும் படங்கள் எடுத்தார். இவற்றினிடையே வீணை எஸ். பாலசந்தர் இயக்கிய அந்த நாள் (1954) தனித்து நிற்கிறது. பாட்டை விற்று முன்னுக்கு வந்தவர் தயாரித்த அப்படத்தில் ஒரு பாடல்கூடக் கிடையாது.

மெய்யப்பன் ஆகஸ்ட் 12, 1979 அன்று தமது 72ஆம் வயதில் காலமானார். அவருக்குப்பின் அவருடைய மகன்கள் நிறுவனத்தை நடத்தினர்.