பொறுமையால் வென்ற பரிவீரர்

குதிரைப் பந்தயங்களுள் மிகக் கடுமையானது தடை தாண்டும் பந்தயமாகும். சமநிலப் பந்தயத்திற்கு விரைவே முதன்மை. தடைப் பந்தயத்திலோ குதிரை நெடுந்தொலைவு ஓடுவதோடு, உயர்ந்த வேலிகளையும் அகன்ற பள்ளங்களையும் தாவிக் கடத்தல் வேண்டும். இத்தகைய பந்தயங்களுள் உலகப் புகழ் வாய்ந்தது, இங்கிலாந்தில் லிவர்ப்பூல் நகரை அடுத்த ஏயின்ட்ரீயில் நடைபெறும் கிராண்ட் நேஷனல் என்பதாகும். அதில் ஐந்து முறை வாகை சூடிய குதிரையோட்டி ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் ஒருவரே ஆவார்.

ஸ்டீவன்ஸ் 1833ஆம் ஆண்டில் செல்டனாம் என்னும் ஊரில் பிறந்தார். தடைப் பந்தயத்தில் பேரார்வம் மிக்க ஊர் அது. இளமையிலேயே குதிரை ஏற்றத்தில் நாட்டங்கொண்ட அவர், அதனையே தம் தொழிலாக மேற்கொண்டார். 1856ஆம் ஆண்டில் பிரீடிரேடர் என்னும் குதிரையைச் செலுத்தித் தம் முதல் கிராண்ட் நேஷனல் வெற்றியை ஈட்டினார்.

அக்காலத்தில் அப்பந்தயத்தின் தொலைவு ஏறத்தாழ நாலரை மைலாக இருந்தது. தாண்ட வேண்டிய தடைகள் ஏறத்தாழ முப்பது. புறப்பட்டவுடன் குதிரைகள் யாவும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு பாயும். ஒரு குதிரை இடறி விழுமாயின், அதன்மேல் மோதிப் பின்வருவனவும் விழும். 1839ஆம் ஆண்டில் கேப்டன் பீச்சர் என்பார் விழுந்த நீரோடைத் தடை, இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

இவ்விடரை ஸ்டீவன்ஸ் நன்கு உணர்ந்திருந்தார். ஆதலின், தொடக்கத்தில் முந்துதற்கு அவர் முயன்றதில்லை. கூட்டத்தின் பின்னே தங்கித் தம் குதிரையின் வலிமையைக் காத்துக்கொள்வார். பார்ப்போர், அவர் தோற்றார் என்றே எண்ணுவர். அவரோ சிறிதும் கலங்கார். முன்னே விரைந்த குதிரைகள் களைத்தும் விழுந்தும் குறைந்த பின்னரே தம் குதிரையை முடுக்குவார். அவர் 15 முறை அப்பந்தயத்தில் கலந்துகொண்டும் ஒரு முறையேனும் அதில் விழுந்தாரல்லர். பதறாத காரியம் சிதறாது என்னும் முதுமொழிக்கு அவர் வாழ்வு சான்றாயிற்று.

காவென்ட்ரி பிரபுவுக்கு உரியனவாய், எம்பிளம், எம்பிளமாட்டிக் என்னும் உடன்பிறந்த பெண்குதிரைகள் இரண்டு இருந்தன. அவற்றுள் மூத்ததனை 1863ஆம் ஆண்டிலும், இளையதனை 1864ஆம் ஆண்டிலும் செலுத்தி ஸ்டீவன்ஸ் வென்றார். பின்னர்க் கர்னல் என்னும் குதிரையின் மீது 1869ஆம் ஆண்டில் வெற்றி கண்டார். இப்பந்தயத்தில் சிறந்த குதிரைக்கு மிகுந்த எடை ஏற்றுதல் விதி. ஆகவே, வென்ற குதிரை மறுமுறை வெல்லுதல் அரிது. எனினும், 1870ஆம் ஆண்டில் கூடுதல் எடையுடன் ஓடிய கர்னல், டாக்டர் என்னும் குதிரையை ஒரு கழுத்தளவே முந்தி, மீண்டும் வென்றது. அதுவே ஸ்டீவன்ஸின் ஐந்தாம் வெற்றி.

மறு ஆண்டும் அக்குதிரையை அவர் செலுத்தினார், வெற்றி கிட்டவில்லை. அவ்வாண்டிலேயே, கிளீவ் குன்றின் அருகே, தம் இல்லத்திற்கு அணித்தாகிய சாலையில், அவர் சாதாரணக் குதிரை ஒன்றின்மேல் சென்றுகொண்டிருந்தார். திடீரென வீசிய காற்று அவர் தொப்பியைப் பறித்துச் சென்றது. குதிரை மிரண்டு ஓடி இடறியது. தூக்கியெறியப்பட்ட ஸ்டீவன்ஸ் தலையில் பட்ட காயத்தால் உயிர் துறந்தார். அப்போது அவருக்கு நாற்பது வயதும் நிரம்பவில்லை. கொடிய தடைகள் பலவற்றை வென்ற வீரரை, நாள்தோறும் பழகிய சாலை வீழ்த்திவிட்டது.

அவர் நினைவாக அச்சாலையோரத்தில் ஒரு கல் நாட்டப்பட்டது. அவருக்குப் பின்னர் எத்துணையோ திறமிக்க குதிரையோட்டிகள் ஏயின்ட்ரீக் களத்தில் தோன்றினர். எனினும், அவருடைய ஐந்து வெற்றிகளை எட்டியவர் எவருமிலர். துணிவு என்பது கண்மூடித்தனமாக முன்னே பாய்வதன்று. காலம் கருதிக் காத்திருத்தலும் துணிவேயாகும். இவ்வுண்மையை மாணவர்கள் ஸ்டீவன்ஸின் வாழ்விலிருந்து கற்றுக்கொள்ளலாம்.