தமிழில் மருத்துவம் கற்பித்த டாக்டர் கிறீன்

கோலா சிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரங்களில் கிளினிக்கில் கென்சிங் மானிஸ் என்று எழுதித் தரும் நோய், வீட்டில் இனிப்புநீர் ஆகிறது. டாரா திங்கி ரத்தக் கொதிப்பு ஆகிறது. நோயின் பெயர் சொந்த மொழியில் புரிந்தால்தான் மருந்தின் அவசியமும் மனதில் பதியும். இதை 19ஆம் நூற்றாண்டிலேயே உணர்ந்து செயல்பட்டவர் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் 1822 அக்டோபர் 10ஆம் தேதி பிறந்த கிறீன், நியூயார்க்கில் மருத்துவம் பயின்று 1845-இல் பட்டம் பெற்றார். 1847-இல் அமெரிக்க மிஷன் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் நோயாளிகளைக் கவனித்தபடியே தமிழ் கற்றார். 1848-இல் உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவ வகுப்பைத் தொடங்கினார்.

தொடக்கத்தில் பாடங்கள் ஆங்கிலத்தில்தான் நடந்தன. ஆங்கிலத்தில் தேறியவர்கள் அரசாங்க வேலை தேடி வெளியூர் போய்விடுவார்கள். தமிழில் படித்தவர்கள் கிராமத்திலேயே தங்கி மக்களுக்கு உதவுவார்கள் என்று அவர் கருதினார். 1864 முதல் வகுப்புகள் தமிழுக்கு மாறின.

ஆனால் அதற்கான நூல்கள் போதவில்லை. பல உறுப்புகளுக்கும் நோய்களுக்கும் பொருத்தமான சொற்களும் இல்லை. கிறீன் தம் மாணவர்களின் துணையுடன் அவற்றை உருவாக்கினார். முதலில் தமிழில் சொல் தேடினார். கிடைக்காவிட்டால் சமஸ்கிருதத்தில் பார்த்தார். அங்கும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு ஏற்ப மாற்றினார். இப்படித்தான் ஆங்கில கெமிஸ்ட்ரி, தமிழில் கெமிஸ்தம் ஆனது.

அறுவை மருத்துவம் பற்றிய இரணவைத்தியம் 1867-இலும், உடற்கூறு பற்றிய மனுஷ அங்காதிபாதம் 1872-இலும் வெளிவந்தன. அருஞ்சொற்களின் தொகுதி 1875-இல் வந்தது. அதற்குள் உடல்நலம் குன்றி 1873-இல் அவர் அமெரிக்கா திரும்பியிருந்தார். அங்கிருந்தும் தமிழ் நூல் பணியை விடவில்லை. 1884 மே 28-இல் காலமானார்.

அவரிடம் மருத்துவம் கற்றவர்கள் 60-க்கும் அதிகம். அவர்களில் 33 பேர் தமிழிலேயே படித்தவர்கள். மானிப்பாய் மருத்துவமனை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவருடைய சொற்கள் பல இன்று வழக்கில் இல்லை. அங்காதிபாதம் உடற்கூறியலாகவும், கெமிஸ்தம் வேதியியலாகவும் மாறிவிட்டன. எனினும், தமிழில் மருத்துவம் சொல்ல முடியுமா என்ற கேள்விக்கு அந்த நூல்களே பதில். இனிப்புநீர் வந்த பாட்டிக்கு அவர் மொழியில் நோயை விளக்கும் ஒவ்வொரு தாதியும், ஒவ்வொரு பேரப்பிள்ளையும் கிறீனின் பணியைத்தான் தொடர்கிறார்கள்.