பைக் ஓட்டுபவர் தலைக்கு ஹெல்மெட் வந்தது எப்படி? மூளை அறுவை மருத்துவர் ஹியூ கெய்ர்ன்ஸின் கதை

ஹெல்மெட்டை டேங்க் மேல வச்சுட்டு வண்டி ஓட்டுறவரா நீங்க? அப்போ ஹியூ கெய்ர்ன்ஸ் பற்றித் தெரிஞ்சுக்கணும்.

1896-ல் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். அமெரிக்காவில் ஹார்வி குஷிங்கிடம் மூளை அறுவை சிகிச்சை கற்று, இங்கிலாந்தின் முன்னணி நிபுணரானார்.

1935 மே 13. 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' என உலகம் அறிந்த டி.இ. லாரன்ஸ், சைக்கிளில் சென்ற இரண்டு சிறுவர்கள் மீது மோதாமலிருக்க பைக்கைத் திருப்பி, தூக்கி வீசப்பட்டார். ஹெல்மெட் இல்லை. கெய்ர்ன்ஸ் உள்ளிட்ட மருத்துவர்கள் பார்த்தும், ஆறாம் நாள் இறந்தார். வயது 46.

அறுவை சிகிச்சையால் என்ன செய்ய முடியும்? மண்டை ஓட்டுக்குள் கட்டிய ரத்தத்தை எடுக்கலாம். உள்ளே அழுத்தும் உடைந்த எலும்பைத் தூக்கிவிடலாம். மூளை வீங்கினால், ஓட்டின் ஒரு பகுதியைக் கழற்றி அழுத்தத்தைக் குறைக்கலாம். ஆனா, அடிபட்ட நொடியிலேயே சிதைந்த மூளைத் திசுவைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

அதனால்தான் அடியையே தடுக்கும் வழியை கெய்ர்ன்ஸ் தேடினார். இரண்டாம் உலகப் போரின் முதல் 21 மாதங்களில் பிரிட்டன் சாலைகளில் பைக்கில் சென்ற 2,279 பேர் இறந்ததை 1941-ல் தன் ஆய்வில் சுட்டிக்காட்டினார். ஹெல்மெட்டோடு விபத்தில் சிக்கியவர்களாக அவருக்குக் கிடைத்தது 7 பேர் மட்டுமே. ஏழு பேருமே பிழைத்திருந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் பிரிட்டிஷ் ராணுவம் தன் பைக் ஓட்டிகளுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது.

கெய்ர்ன்ஸ் 1952-ல், 56 வயதில் இறந்தார். பிரிட்டனில் எல்லோருக்குமான ஹெல்மெட் சட்டத்தை அவர் பார்க்கவில்லை; அது வந்தது 1973-ல்தான்.

டேங்க் மேல இருக்கிறதை எடுத்துத் தலையில மாட்டுங்க. ஸ்ட்ராப்பையும் போட்டுட்டுக் கிளம்புங்க.