கட்டளைக்கு அடங்காத தோழன்

இங்கிலாந்தின் டார்செட் வட்டாரத்தில், கட்டட வேலை செய்துவந்த குடும்பமொன்றில் 1840ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் பிறந்தவர் தாமஸ் ஹார்டி. கட்டடக்கலை பயின்று, நாவலாசிரியராய்ப் புகழ் பெற்றவர். 1895இல் நூலாக வந்த ஜூட் நாவலின்மீது எழுந்த கடும் கண்டனங்களுக்குப் பின் புதிய நாவல் எழுதாமல், எஞ்சிய வாழ்நாளைக் கவிதைக்கே அளித்தார். தாம் பிறந்த மண்ணுக்கு வெசெக்ஸ் என்னும் பழம்பெயரைச் சூட்டி, அதை இலக்கிய உலகில் நிலைபெறச் செய்தவரும் அவரே. அப்பெயரையே தாங்கிய ஒரு நாய் அவருடைய முதுமையை ஆண்டது.

1912ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் அவர் மனைவி எம்மா மறைந்தார். 1874இல் காதலித்து மணந்தவர்கள், பிற்காலத்தில் டார்செஸ்டரை அடுத்த மாக்ஸ் கேட் இல்லத்தில் அயலார்போல் வாழ்ந்தனர். எம்மா மேல்மாடத்து அறைகளில் ஒதுங்கினார். ஹார்டி எழுத்தறையில் ஒதுங்கினார். மனைவி மறைந்த பின்னரே கவிஞரின் நெஞ்சம் உடைந்து பாடியது. இறந்தவரை நோக்கிப் பாடிய அந்த இரங்கற் கவிதைகள் 1914இல் நூலேறின.

அந்தத் துயர ஆண்டுகளில்தான் வெசெக்ஸ் அவ்வீட்டுக்கு வந்தது. 1913இல் பிறந்த, முரட்டு மயிர் கொண்ட டெரியர் இன நாய். 1914இல் ஹார்டியை மணந்த புளோரன்ஸின் செல்லம் அது. அதட்டினால் அடங்காது; கடிந்தால் அஞ்சாது. விருந்தினர் உண்கையில் உணவு மேசைமீதே ஏறி நடந்து, அவர்கள் எடுக்கும் ஒவ்வொரு கவளத்துக்கும் போட்டியிடும். தபால்காரரையும் பணியாட்களையும் கடித்தது. எழுத்தாளர் கால்ஸ்வொர்தியின் காற்சட்டையையும் கிழித்தது. ஆனால் அரேபியப் பாலைவனப் போரில் பெயர் பெற்ற டி. இ. லாரன்ஸிடம் மட்டும் அது ஒருபோதும் பல் காட்டியதில்லை. வானொலி என்றால் அதற்கு உயிர். நாய் கேட்பதற்கென்றே முதியவர் எழுந்து சென்று வானொலியை முடுக்குவார்.

1925இல் வாட்கின்ஸ் என்னும் நண்பர் வந்தபோது, மகிழ்ந்து வரவேற்ற வெசெக்ஸ் திடீரெனத் துயரக் குரல் எழுப்பியது. அவர் கைச்சட்டையை முன்காலால் தொட்டுத் தொட்டு விலகியது. விடைபெற்றுச் சென்ற சிறிது நேரத்தில் அந்த நண்பர் இறந்தார். மறுநாள் காலை அச்செய்தியுடன் தொலைபேசி மணி ஒலித்தபோது, எப்போதும் சீறிக் குரைக்கும் நாய் வாய் திறவாமல் படுத்திருந்தது.

இந்நாயைத் திருத்த ஹார்டி முயலவில்லை. அதன் விருப்பத்தைச் சட்டமாக ஏற்றார். விலங்குகளை வருத்தும் வேட்டை விளையாட்டுகளை வாழ்நாளெல்லாம் வெறுத்த அவருக்கு, தன் போக்கில் வாழும் உயிரை அடக்க மனம் வரவில்லை போலும். எம்மாவுக்கு மறைந்த பின்னரே வாய்த்த கவிதை, வெசெக்ஸுக்கு வாழும்போதே வாய்த்தது. 1924இல் அவர் எழுதிய கவிதையில் நாயே பேசுகிறது. வீட்டுக்குத் தானே தலைவன் என்று பெருமிதம் கொள்கிறது. இறுதியிலோ, இந்த வாழ்வு என்றும் நிலைக்குமோ என்னும் ஐயம் அதன் முகத்தில் நிழலாடுகிறது.

ஐயம் மெய்யாயிற்று. 1926ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் வெசெக்ஸ் இறந்தது. பதின்மூன்று ஆண்டுகளில் முதன்முறையாக அது வீட்டுக்கு வெளியே உறங்கும் இரவு இது என்று ஹார்டி நாட்குறிப்பில் பதிந்தார். தோட்டத்தில் புதைத்து, அதன் உறுதியையும் நன்றியையும் பொறித்த கல்லொன்றை நாட்டினார். மீண்டும் ஒரு கவிதை பிறந்தது. மறைந்த நாய், வீட்டார் தன்னைத் தேடுகின்றனரா என வினவுவதாக அமைந்த கவிதை அது.

1928ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள் ஹார்டி காலமானார். சாம்பல் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் வைக்கப்பட்டது. இதயம் ஸ்டின்ஸ்ஃபோர்டில் எம்மாவின் கல்லறையில் சேர்ந்தது. வெசெக்ஸின் வினா அவ்வாண்டு வெளிவந்த அவருடைய இறுதித் தொகுதியில் இடம்பெற்றது.