57 நாள் நோற்ற சந்திரநந்தி ஆசிரியர்

நெய்வேலியும் செஞ்சியும் ஒருகாலத்தில் தென்னார்க்காடு மாவட்டத்தில் ஒன்றாக இருந்தவை. செஞ்சிக்கு அருகே, 24 தீர்த்தங்கரர் திருவுருவங்கள் செதுக்கப்பெற்ற திருநாதர்குன்றில், ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முன் சமண முனிவர் சந்திரநந்தி ஆசிரியர் சல்லேகனை நோற்று உடல் நீத்தார்.

அவர் பிறந்த ஊரும் பெற்றோர் பெயரும் அங்குள்ள கல்வெட்டில் இல்லை. அவர் 57 நாள் உண்ணாநோன்பு இருந்ததையும், அவ்விடம் அவருடைய நிசீதிகை என்பதையும் மட்டுமே அது கூறுகிறது. அவருடைய வாழ்நாளில் எண்ணிப் பொறிக்கப்பெற்றவை அந்த 57 நாள்களே.

சல்லேகனை ஏற்றோர் எல்லா உயிர்களிடமும் பிழை பொறுக்க வேண்டி, பகை நீக்கி, விழிப்புடன் இருப்பர். முடிவை அறிந்தவர்க்கு எளிய பொழுது என ஒன்றில்லை.

சுரங்கப் பணிக்குப் புறப்படுமுன் வீட்டாரிடம் பிழைபொறுக்க வேண்டுவதும் நன்றி கூறுவதும் இல்லறத்தார் இன்றே ஏற்கத்தக்க நோன்பாகும்.