கொதிகலன் தொழிற்சாலையிலிருந்து மகப்பேற்று விடுதிக்கு: இயன் டொனால்ட் தந்த ஸ்கேன்

நமது ஊர்களில் கிளினிக் போய் வரும் கர்ப்பிணித் தாய்மாருக்கு ஸ்கேன் என்பது பழகிப்போன சொல். எழுபத்தைந்து வருடங்களுக்கு முன்னர் உலகின் எந்த மகப்பேற்று விடுதியிலும் அது இருக்கவில்லை. வயிற்றில் இருப்பது ஒரு பிள்ளையா இரண்டா, தலை மேலேயா கீழேயா என்பதை வைத்தியர் கையால் தடவியும் குழல் வைத்துக் கேட்டும்தான் கணித்தார். எக்ஸ்ரே எடுக்கலாம், ஆனால் அது கருவிலுள்ள பிள்ளைக்குத் தீங்கு செய்யக்கூடும் என்ற உண்மை 1950களில் வெளிவரத் தொடங்கியிருந்தது. நஞ்சு கருப்பை வாயை மறைத்து நிற்பது, பல தாய்மாருக்கு இரத்தம் கொட்டத் தொடங்கிய பிறகே தெரியவந்தது.

இந்த நிலையை மாற்றியவர்களில் முதன்மையானவர் வைத்தியர் இயன் டொனால்ட். பாடசாலையில் கழியொலி பற்றிக் கற்பிக்கும்போது அவருடைய வாழ்க்கையையும் சேர்த்தே நான் சொல்வதுண்டு. பெற்றோரும் அதை அறிந்திருக்க வேண்டும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

1910 டிசம்பர் 27ஆம் திகதி இங்கிலாந்தின் கோர்ன்வோல் பகுதியில் அவர் பிறந்தார். தந்தையும் ஒரு வைத்தியர். குடும்பத்தின் பூர்வீகம் ஸ்கொட்லாந்து. சிறு வயதில் குடும்பம் தென்னாபிரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பதின்ம வயதிலேயே தாயையும் தந்தையையும் அடுத்தடுத்து இழந்தார். கேப்டவுனில் பட்டம் பெற்று, பின்னர் லண்டனில் மருத்துவம் படித்தார். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படையின் வைத்தியராகப் பணியாற்றினார். குண்டுகளோடு எரிந்துகொண்டிருந்த விமானத்துக்குள் புகுந்து வீரர்களை மீட்டதற்காக அரச விருதும் கிடைத்தது. எதிரி விமானத்தைக் கண்டுபிடிக்கும் ராடார், கடலுக்கடியில் ஒலியால் தேடும் சோனார் ஆகியவை அவருக்குப் பரிச்சயமானது அந்தக் காலத்தில்தான்.

1954இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் மகப்பேற்றுப் பேராசிரியரானார். கப்பல் கட்டும் தளங்களும் இரும்புத் தொழிற்சாலைகளும் நிறைந்த நகரம் அது. உலோகத்துக்குள் மறைந்திருக்கும் வெடிப்பைக் கண்டுபிடிக்க அங்கே ஒரு கருவியைப் பயன்படுத்தினார்கள். நம் காதுக்குக் கேட்காத ஒலியை அது உலோகத்துக்குள் அனுப்பும். வெடிப்பில் பட்டுத் திரும்பும் எதிரொலி திரையில் தெரியும். இரும்பின் உட்புறத்தைக் காட்டும் ஒலியால் மனித உடலின் உட்புறத்தைக் காட்ட முடியாதா என்று டொனால்ட் சிந்தித்தார்.

1955 ஜூலை 21ஆம் திகதி, சத்திரசிகிச்சையில் அகற்றப்பட்ட கட்டிகளை இரண்டு கார்களில் ஏற்றிக்கொண்டு, ரென்ஃப்ரூவில் இருந்த கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்குத் தொழிற்சாலைக்காரர்கள் ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டையும் வைத்திருந்தார்கள். நீர் நிறைந்த கட்டியும் திண்மமான கட்டியும் வெவ்வேறு விதமாக எதிரொலித்தன. பின்னர் டொம் பிரவுன் என்ற இளம் பொறியியலாளர் இந்த முயற்சியைக் கேள்விப்பட்டு, தானாகவே தொலைபேசியில் அழைத்து இணைந்துகொண்டார். ஜோன் மக்விகார் என்ற இளம் வைத்தியரும் சேர்ந்தார். நோயாளியின் தோலில் அவர்கள் தடவியது, நாம் ஸைத்தூன் எண்ணெய் என்று சொல்லும் ஒலிவ் எண்ணெய்.

இயந்திரப் பைத்தியம் என்று சக வைத்தியர்கள் சிலர் கேலி செய்தார்கள். அந்தக் கேலியை நிறுத்தியவர் ஒரு பெண் நோயாளி. வயிறு பெருத்து, குணப்படுத்த முடியாத இரைப்பைப் புற்றுநோய் என்று கைவிடப்படும் நிலையில் அவர் இருந்தார். கருவி காட்டியதோ நீர் நிறைந்த பெரிய சூலகக் கட்டி. சத்திரசிகிச்சை செய்து அதை அகற்றினார்கள், அவர் குணமடைந்தார். 1958 ஜூன் 7ஆம் திகதி மூவரின் ஆய்வுக் கட்டுரை த லான்செட் சஞ்சிகையில் வெளியானது. கருவிலுள்ள பிள்ளையின் படமும் அதில் இருந்தது.

அதன் பிறகு வேலை வேகமெடுத்தது. பிள்ளையின் தலையை அளந்து வளர்ச்சியைக் கணித்தார்கள். இரட்டைப் பிள்ளைகளை முன்கூட்டியே கண்டார்கள். நஞ்சு இருக்கும் இடத்தைத் தேடினார்கள். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் அதனூடாக ஆரம்பக் கருவையே பார்க்க முடியும் என்பதை 1963இல் டொனால்ட் கண்டறிந்தார். ஸ்கேனுக்கு முன் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்வதன் காரணம் இதுதான். 1964இல் கிளாஸ்கோவில் குயின் மதர்ஸ் மகப்பேற்று வைத்தியசாலை திறக்கப்பட்டதற்கும் அவருடைய உழைப்பே முக்கிய காரணம்.

இத்தனைக்கும் அவரே ஓர் இதய நோயாளி. பெரிய இதய சத்திரசிகிச்சைகளுக்கு முகம் கொடுத்துக்கொண்டே வேலை செய்தார். 1967இல் பிரித்தானியாவில் கருக்கலைப்புச் சட்டம் வந்தபோது அதைக் கடுமையாக எதிர்த்தார். கருவில் அசையும் பிள்ளையின் படங்களையே தன் வாதத்துக்குச் சான்றாகக் காட்டினார். 1976இல் ஓய்வுபெற்று, 1987 ஜூன் 19ஆம் திகதி காலமானார்.

அவர் கருவியைத் தேடியது ஆபத்தை நேரத்தோடு அறிவதற்காக. நம்மிடையே பலர் அந்தத் திரையைப் பார்ப்பதோ ஆணா பெண்ணா என்று அறிவதற்காக. ஸ்கேன் பிள்ளைக்குக் கூடாது என்று சொல்லித் தடுப்பவர்களும் இருக்கிறார்கள். அதில் எக்ஸ்ரேயின் கதிர் இல்லை. இருப்பது ஒலி மட்டுமே. பெண் வைத்தியர் இல்லை என்பதற்காக கிளினிக் திகதியைத் தள்ளிப்போடும் குடும்பங்களும் உண்டு. அந்தத் தயக்கத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. கணவரோ தாயோ கூடப் போகலாம், பெண் வைத்தியர் இருக்கும் நாளை முன்கூட்டியே விசாரிக்கலாம். போகாமல் இருப்பதுதான் ஆபத்து.

முன்னர் சிசேரியன் செய்த ஒரு தாய்க்கு, அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு அந்தப் பழைய தழும்பின் மேல் தாழ்ந்து ஒட்டியிருக்கலாம். பிரசவ நேரத்தில் அது பிரியாமல் பெரும் இரத்தப்போக்கை உண்டாக்கலாம். முன்கூட்டியே தெரிந்தால் இரத்தம் ஏற்பாடு செய்து, நிபுணர்கள் உள்ள வைத்தியசாலையில் திகதி குறித்துப் பிரசவம் பார்க்க முடியும். உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் அப்படித்தான். அவற்றுக்கு ஸ்கேன் மட்டும் போதாது, அழுத்தமும் இரத்தமும் சோதிக்கப்பட வேண்டும்.

நமது நாட்டில் அரச கிளினிக்குகளில் இந்தச் சேவைகள் இலவசம். குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடியும் வருகிறார். வீட்டில் ஒரு கர்ப்பிணி இருந்தால், அடுத்த கிளினிக் எந்தத் திகதி என்பது அவருக்கு மட்டுமல்ல, கணவருக்கும் மாமியாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.